மின்னல் கையின் கணையம்

சதைத் துணுக்கு வைத்த கண்ணாடி ஸ்லைடின் ஓரத்தில் ஒட்டியிருந்த பெயரைப் படித்ததும் பயாப்ஸி டாக்டருக்கு வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது. மூன்று வருஷமாக அவள் கறுவிக்கொண்டிருந்த ஆள். ஆஸ்பத்திரியே 'மின்னல் கை' என்று கொண்டாடும் சர்ஜன். இப்போது அவருடைய கணையத்திலேயே கட்டி. ஸ்கேனைப் பார்த்தவர்கள் புற்றுநோய் என்று அடித்துச் சொல்லிவிட்டார்கள். நாளைக் காலை ஆபரேஷன். செய்யப்போவது அவரிடமே தொழில் கற்ற சிஷ்யன்.

அவளுடைய அப்பாவுக்கும் இதே இடத்தில்தான் கட்டி வந்தது. "பயாப்ஸி வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க முடியாது, என் விரல் சொல்லும்" என்று வெட்டினார் மின்னல் கை. அந்தப் பொன்னான விரல் சொன்னதைக் கேட்டு மூன்றாம் நாளே அப்பா போய்ச் சேர்ந்தார். "நாலு மாசம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா காப்பாத்தியிருப்பேன்மா" என்று அம்மாவின் தலையில் பழியைப் போட்டுவிட்டு அவர் காப்பி குடிக்கப் போனார். பத்தாம் நாள் வந்த ரிப்போர்ட்டை யாரும் அம்மாவிடம் காட்டவில்லை. மூன்று வருஷம் முன்பு மகள் இங்கே வேலைக்குச் சேர்ந்து பழைய ஃபைலைத் தோண்டியபோதுதான் அது அகப்பட்டது. புற்றுநோயே இல்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பின்மேலேயே பாய்ந்து, கட்டி போல வேஷம் போடும் வீக்கம். மாத்திரையிலேயே கரைந்திருக்கும்.

இப்போது இவருடைய ஸ்லைடிலும் புற்றணு ஒன்றுகூட இல்லை. நார்கள் சுழன்று சுழன்று ஓடின. சிறப்புச் சாயத்தில் பழுப்பேறிய எதிர்ப்பணுக்கள் எள்ளை இறைத்தது போல எங்கும் கிடந்தன. ரிப்போர்ட் எழுதாமல் ஒரு நாள் லீவு போட்டால் போதும். சிஷ்யனும் குருவைப் போலவே காத்திருக்க மாட்டான். அந்த நினைப்பை அவள் ஆசை தீரச் சுவைத்தாள். பிறகு ஆளனுப்பி அவரையே வரவழைத்தாள்.

இரண்டு பேர் சேர்ந்து பார்க்கும் மைக்ராஸ்கோப்பில் இரண்டு ஸ்லைடுகளை மாற்றி மாற்றி வைத்தாள்.

"இதுல எது உங்களோடது, சொல்லுங்க சார்."

"ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு."

"ஆமா. ரெண்டுலயும் கேன்சர் இல்ல. ஸ்டீராய்டு மாத்திரை போதும். நாளைக்கு ஆபரேஷன் வேண்டாம்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டேன்."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "இன்னொருத்தர் யாரு? அவருக்கும் மாத்திரை ஆரம்பிச்சாச்சா?"

"எங்கப்பா. நீங்க வெட்டி ஆறு வருஷமாச்சு."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "உங்கம்மாவுக்குத் தெரியுமா?" என்றார்.

"நான் சொன்னா நம்ப மாட்டாங்க. டாக்டர் பொய் சொல்வாரான்னு என்னையே திட்டுவாங்க. நீங்கதான் சொல்லணும்."

அவர் பதில் சொல்வதற்குள் போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். "அம்மா, அப்பாவுக்கு ஆபரேஷன் பண்ண டாக்டர் உன்கிட்ட பேசணுமாம்."

அம்மா அவசர அவசரமாகப் பேசினாள். "டாக்டர், அன்னிக்கு நான்தான் லேட்டா கூட்டிட்டு வந்துட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

மின்னல் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. மகள் போனை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.