ஐந்தாம் தேதிக் கப்பல்

வாப்பாவின் உடல் வைத்த சந்தூக்கைச் சுமந்துகொண்டு ஆண்கள் தெருமுனை திரும்பியதும் வீட்டுக்குள் அழுகை ஒருமுறை ஓங்கி அடங்கியது. பிஸெர்ட் ஊரில் பெண்கள் அடக்கத்துக்குப் போவதில்லை. எம்னா கதவைச் சாத்திவிட்டுத் திரும்பும்போது, அலமாரியில் தொங்கிய வாப்பாவின் கோட்டுக்குள் போன் அடித்தது.

“ஹமாதி சார், டிராவல்ஸ்லேருந்து பேசுறேன். ஜூன் கப்பல்ல உங்க ரெண்டு பேருக்கும் இடம் பிடிச்சு வெச்சிருக்கேன்ல, இன்னிக்கு அஞ்சு மணியோட கெடு முடியுது. வெச்சுக்கவா, விட்டுடவா?”

“அவர் பொண்ணு பேசுறேங்க. வாப்பா காலையில மவுத்தாயிட்டாங்க.”

 மறுமுனையில் அந்தப் பெண் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“போன வாரம்கூட இங்க வந்து மூணு மணி நேரம் உக்காந்திருந்தாரே! எனக்கு மக்ரூத் இனிப்பு வாங்கிட்டு வந்தாரே!”

முன்பின் தெரியாத பெண் தன் வாப்பாவுக்காக அழுவதைக் கேட்டபோதுதான் எம்னாவுக்கு அன்றைய முதல் கண்ணீர் வந்தது. காலையிலிருந்து பாய் விரிக்கவும் ஆட்களுக்குச் சொல்லி அனுப்பவுமே நேரம் போயிருந்தது.

“அக்கா, அதே கப்பல் அக்டோபர் அஞ்சாம் தேதி இஸ்மிர்லேருந்து கிளம்புது. அதுதான் கடைசி. அடுத்த வருஷம் அதை வித்துடுவாங்க. இந்த விலைக்கு வேற எதுவும் கிடையாது. உம்மா வர்றதா இருந்தா மாத்தித் தர்றேன். அஞ்சு மணிக்குள்ள சொல்லிடுங்க.”

பதினோரு வருடமாக ஒவ்வொரு மார்ச்சிலும் இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சோறு இருக்காது, கப்பல்தான் இருக்கும். துருக்கிக் கரையோரம் போகும் கப்பல்களின் படத்தாள்களை எல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு, தான் வேலை பார்த்த தபால் ஆபீஸிலிருந்து கொண்டுவந்த சிவப்புப் பென்சிலால் வாப்பா அடித்துக்கொண்டே போவார். நீச்சல் குளம் இருந்தால் அடி. ராத்திரி ஆட்டம் பாட்டம் இருந்தால் அடி. இரண்டாயிரம் வருடத்து ஊரில் ஒரு மணி நேரம் இறக்கிவிட்டு, கம்பளக் கடையில் மூன்று மணி நேரம் உட்காரவைத்தால் இரண்டு அடி. உம்மா வசீலா பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடம் சரித்திரம் நடத்தியவள். அந்தக் கரையில் இருக்கும் எபேசஸ் பழம்நகரின் கல் தெருவைக் கரும்பலகையில் வரைந்து வரைந்தே ஓய்வு பெற்றுவிட்டாள்.

“ஜன்னல் வெச்ச அறை எடுப்போம் வசீலா.”

“தூங்கும்போது கண்ண மூடிக்கிட்டுத்தான தூங்குவீங்க? ஜன்னல் எதுக்கு?”

அத்தோடு அந்த வருடப் பேச்சு முடியும். பிறகு கூரை ஒழுகும், இல்லாவிட்டால் யாருக்காவது கல்யாணம் வரும். “கப்பல் எங்க ஓடிடப் போகுது” என்பார் வாப்பா. இந்த வருடம்தான் ஒன்று அகப்பட்டது. நாற்பதே அறைகள் கொண்ட பழைய கப்பல். கூடவே ஒரு தொல்லியல் பேராசிரியர் வருகிறார், சாப்பாடு சுமார், விலை இவர்கள் கைக்கு எட்டியது. சுவர்க் காலண்டரில் ஜூன் பதினேழைச் சுற்றி வாப்பா சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்.

எம்னா அந்தக் காலண்டர் முன்னால்தான் நின்றாள். இன்று மே இருபத்தெட்டு. புருஷனை இழந்த உம்மா வாசல் தாண்டாமல் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். செப்டம்பர் இருபத்தெட்டு, மேலே பத்து. அக்டோபர் எட்டு. மறுபடி எண்ணினாள். எட்டுதான்.

மூன்று நாள்! பதினோரு வருடம் காத்திருந்த உம்மாவுக்கு மூன்று நாள் கிடைக்கவில்லையே!

உம்மா வெள்ளை உடுத்தி மெத்தை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். எம்னா காதருகில் குனிந்து எல்லாவற்றையும் சொன்னாள். உம்மா கேட்டுவிட்டுத் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“விட்டுடச் சொல்லு,” என்றாள்.

“எதை விடச் சொல்ற?”

மன்னூபியா மாமியின் குரல். வாப்பாவின் அக்கா. தானும் இத்தா இருந்து எழுந்தவள். பக்கத்து வீட்டு விதவை மாடியில் துணி காயப்போட்டதற்கே தெரு கேட்கச் சண்டை பிடித்தவள். மய்யித்து வீட்டில் கப்பல் பேச்சா என்று கிழித்துத் தோரணம் கட்டப் போகிறாள் என்று எம்னா பயந்தாள். மறைக்கவும் வழியில்லை. சொன்னாள்.

“எட்டாம் தேதின்னு எவ சொன்னா?”

“காலண்டர் பார்த்தேன் மாமி.”

“எந்தக் காலண்டரு? அந்தப் போஸ்டாபீஸ் காலண்டரா? இத்தாவைப் பிறை வெச்சு எண்ணுவாங்களா, பிரெஞ்சுக்காரன் மாசத்த வெச்சு எண்ணுவாங்களா? படிச்ச கழுத!”

மாமி விரல் கணுக்களில் கட்டைவிரலை ஓட்டினாள். “நேத்துத்தான் துல்ஹஜ் பிறை கண்டுச்சு. துல்ஹஜ், முஹர்ரம், ஸஃபர், ரபியுல் அவ்வல். பிறை மாசத்துல ஒண்ணு முப்பதுன்னா ஒண்ணு இருபத்தொம்பது. நாலுக்கும் சேர்த்து நூத்திப் பதினெட்டு. மேல பத்து. போ, நூத்தியிருபத்தெட்டு நாள் எண்ணிட்டு வா.”

எம்னா காலண்டர் தாள்களைப் புரட்டி ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து எண்ணினாள். விரல் அக்டோபர் மூன்றில் போய் நின்றது.

“மூணு, மாமி.”

“கப்பல் அஞ்சு. பெட்டி கட்ட ரெண்டு நாள் இருக்குல்ல?” மாமியின் குரல் உடைந்தது. “பதினோரு வருஷமா அந்தப் பாவி என் வீட்டுக்கு வந்தும் கப்பல் படத்தத்தான் காட்டுவான். போயிட்டு வா வசீலா. எவளாவது வாயத் தொறந்தா நான் பார்த்துக்கறேன்.”

 சமையலறையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கொண்டுவந்த குஸ்குஸ் மூடி வைத்தபடியே ஆறிக்கொண்டிருந்தது. மணி நாலே முக்கால்.

“போன் போடு,” என்றாள் உம்மா.

டிராவல்ஸ் பெண் உடனே எடுத்தாள். பேரைக் கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு தயங்கினாள். “அக்கா, ரெண்டாவதா யாரு? ஒருத்தர் மட்டும்னாலும் ரெண்டு பேர் காசு கட்டணும். நீங்களாவது கூடப் போங்களேன்.”

எம்னா போனைக் கையால் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். “நான் வர்றேன் உம்மா.”

உம்மா வேண்டாம் என்று தலையை அசைத்தாள். ஒரு தினாருக்குக் கொத்தமல்லிக்காரனோடு அரை மணி நேரம் பேரம் பேசி நிற்பவள் அவள்.

“ரெண்டு பேர் காசு கட்டிடலாம்னு சொல்லு. வாப்பாவோட படுக்கைய மட்டும் யாருக்கும் குடுக்க வேணாம்.”

எம்னா அப்படியே சொன்னாள். மாமி நழுவிக் கிடந்த வெள்ளைத் துணியை எடுத்து உம்மாவின் முழங்காலை மூடினாள். கபர்ஸ்தானிலிருந்து திரும்பியவர்கள் படியேறி வரும் சத்தம் கேட்டது.