மங்கல் படமும் சங்கக்கடை மாப்பிள்ளையும்

இராசாத்தி என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று களுதாவளையில் யாருக்கும் விளக்கிச் சொல்ல அவள் தாய் சின்னத்தங்கத்தால் முடியவில்லை. மகள் கம்பஸில் படிக்கிறாள் என்றால் ஊர் தலையாட்டும். தெளிவில்லாத படங்களைப் பற்றிப் படிக்கிறாள் என்றால், தெளிவான படங்களெல்லாம் முடிந்துவிட்டனவா என்று கேட்கும்.

ஆனால் விசயம் அதுதான். மங்கலாகிப்போன ஒரு படத்தில் கண் ஏன் தங்கி நிற்கிறது? பழம்பாட்டில் தலைவனின் தேர் புழுதியில் மறைகிற இடத்தில் வாசிக்கிறவனுக்கு ஏன் தேர் இன்னும் பெரிதாகத் தெரிகிறது? இரண்டும் ஒன்றுதானா என்பது அவளுடைய கேள்வி. சண்டையால் கம்பஸ் அடிக்கடி மூடிக்கிடந்த காலம். புத்தகம் கிடையாது, கரண்ட் கிடையாது. காத்தான்குடி ஸ்டூடியோக்கார முனாப் காக்கா கழித்துவைத்த பழுதான படங்கள்தான் அவளுக்கு நூலகம். அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டாள். கீழே கறுப்பு, மேலே வெள்ளையாக ஒரு திரட்சி. எதைப் படம் எடுக்கும்போது கை ஆடியது என்று காக்காவுக்கே ஞாபகமில்லை.

காண்கிறவர்களிடமெல்லாம் அதை நீட்டி, என்ன தெரிகிறது என்று கேட்பாள். வெற்றிலைத் தோட்டக்காரருக்குக் கொழுந்து தெரிந்தது. பக்கத்து வீட்டுப் புஸ்பத்துக்குத் தொலைந்துபோன பசு தெரிந்தது, கொம்பு உட்பட. செக்பொயின்டில் அவள் பையைக் கிண்டிய ஆமிக்காரன் படத்தை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா" என்றான். அந்தச் சொல்லைப் புரிந்துகொள்ளச் சிங்களம் தேவைப்படவில்லை. அவனை நினைத்து இரங்கவும் மனம் ஒப்பவில்லை, இரங்காமல் இருக்கவும் முடியவில்லை. மனிதர்கள் படத்தைப் பார்ப்பதில்லை, தங்களுக்கு வேண்டியதைத்தான் பார்க்கிறார்கள் என்று அவளுக்கு அன்று உறுதியாயிற்று.

இப்படி இருக்கையில்தான் கலியாணப் பேச்சு வந்தது. கொண்டுவந்த சீனித்தம்பி கலியாணம் பேசுவதில் கைதேர்ந்தவர். கறுப்பைப் பொதுநிறம் என்பார், கோபக்காரனைச் சுறுசுறுப்பானவன் என்பார். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு வராது. மாப்பிள்ளை நல்லரத்தினம், தேற்றாத்தீவில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். அவருடைய படம் அத்தனை துல்லியம். மீசை மயிரை எண்ணலாம். அதற்கு மேல் இராசாத்திக்கு அதிலிருந்து ஒன்றும் கிடைக்கவில்லை.

அவளுக்குத் தெரிய வேண்டியது வேறு. இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு; மாப்பிள்ளைதான் வந்து குடியேற வேண்டும். வருகிறவர், சுவரெல்லாம் அவள் ஒட்டிவைத்திருக்கும் பழுதான படங்களை என்ன செய்வார்? முன்னர் பேசிவந்த ஒருவன், கலியாணத்துக்குப் பிறகு இந்தக் குப்பையெல்லாம் எதற்கு என்று சொல்லியனுப்பியிருந்தான். ஆராய்ச்சியை விட அவளால் முடியாது. காலம் முழுக்கத் தனியாக இருக்கவும் ஆசையில்லை. முப்பது தாண்டியவள் இரண்டும் வேண்டும் என்று கேட்டால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும் என்று அந்த மங்கல் படத்தைச் சீனித்தம்பியிடம் கொடுத்து, மாப்பிள்ளைக்கு என்ன தெரிகிறது என்று கேட்டுவரச் சொன்னாள்.

மறுநாள் சீனித்தம்பி வந்தபோது முகமெல்லாம் பல். மாப்பிள்ளைக்குப் பிள்ளையார் தெரிந்தாராம். தும்பிக்கை, தொந்தி, எல்லாம். அதுவும் நம் களுதாவளைப் பிள்ளையாரேதானாம். சின்னத்தங்கம் கோயில் இருக்கும் திசைக்குத் திரும்பிக் கும்பிட்டாள். இராசாத்திக்கு மனம் விழுந்துபோயிற்று. எல்லோரும் சொல்கிற மாதிரியான பதில். இவரும் தமக்கு வேண்டியதைத்தான் பார்ப்பார். அவளையும் அப்படித்தான் பார்ப்பார்.

"வேணாம் மாமா. இது சரிவராது."

தாய் அழ ஆயத்தமானாள். சீனித்தம்பி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, வேறு எந்தச் சாமி தெரிந்திருந்தால் சரிவரும் என்று விசாரித்தார். தேவைப்பட்டால் முருகனாக்கவும் அவர் தயார். இராசாத்தி படத்தைத் திருப்பித் தரும்படி கை நீட்டினாள். அவள் முகத்தைப் பார்த்த மனிதர், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக இருக்க வேண்டும், உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"பிள்ள, கோவிக்கப்படா. அந்த மனிசன் பிள்ளையாரெண்டு சொல்லல்ல. நாந்தான் சொன்ன. பரீட்சையில பெயிலாகிருவாரெண்டு பயந்து போனன்."

மாப்பிள்ளை படத்தைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தாராம். உள்ளே சனம் சீனிக்குக் காத்து நின்று முணுமுணுத்ததாம். அவர் அவசரப்படவில்லையாம்.

"மறுகா என்ன சொன்னார்?"

"படம் மங்கலா இரிக்கி, என்னெண்டு தெரியல்ல எண்டார். தெரியாததத் தெரியுமெண்டு எப்படிச் சொல்லுற எண்டு என்னையே கேட்டார். எடுத்த ஆளுக்குக் கை எந்தப் பக்கமா ஆடினதெண்டு பிள்ளையிட்டக் கேக்கவும் சொன்னார்."

இராசாத்தி கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். படம் மங்கல் என்று அதுவரை ஒருவர்கூட அவளிடம் சொன்னதில்லை. கை எந்தப் பக்கம் ஆடியது என்று அவளே யோசித்ததில்லை.

"எனக்கும் தெரியா மாமா. வரச் சொல்லுங்க. ரெண்டு பேருமாப் பாப்பம்."

இது சம்மதமா இல்லையா என்று சின்னத்தங்கம் சீனித்தம்பியிடம் கேட்டாள். சம்மதம் என்றார் அவர். அதில் ஒரு சொல்லையும் அவர் கூட்டிச் சொல்லவில்லை.