பிரமிடுக்கு முன்னால் ஒரு பெண்மணி

காலண்டர் அச்சகத்தில் அவருக்குப் பெயர் ரப்பர். உலகத்தில் பெயர்போன இடங்களின் படங்கள் கம்ப்யூட்டருக்கு வந்ததும், அங்கே நிற்கிற மனுஷர்களையெல்லாம் துடைத்தெடுப்பது அவர் உத்தியோகம். ஊர் பேர் தெரியாத ஆசாமி தன் வீட்டுச் சுவரில் வருஷம் முழுக்கப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதை எவன் விரும்புவான்? இருபத்தாறு வருஷத்தில் ரப்பர் ஒரு குட்டி நாட்டின் ஜனத்தொகையையாவது காலி பண்ணியிருப்பார். ஒருத்தரும் வந்து ஏன் என்று கேட்டதில்லை.

அச்சகத்தில் கழித்துப்போட்ட தாள்களைக் கொண்டுவரச் சொல்லி, அலசி ஆராய்ந்து, அவர் மனைவி ஆறு இடங்களைப் பொறுக்கி வைத்திருந்தாள். முதலிடம் பிரமிடுக்கு.

"ஏங்க, இது ஒண்ணையாவது பார்த்துட்டு வந்துடலாமே?"

"அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார் ரப்பர்.

அப்படி இருபது அடுத்த வருஷங்கள் ஓடின. போன வருஷம் அவளுக்குக் காய்ச்சல் வந்து நாலே நாளில் கண்ணை மூடிவிட்டாள்.

இந்த வருஷக் காலண்டருக்கு அவள் பொறுக்கிய அதே ஆறு இடங்கள். பிரமிடுப் படம்தான் முதலில் வந்தது. மணலில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே ஒரு பெண்மணி, கடுகு நிற ஸ்வெட்டரில், தோளில் கைப்பையோடு. கைப்பழக்கத்தில் ஓர் இழுப்பு, ஆள் காலி. படத்தைச் சேமித்த பிறகுதான் அவருக்குச் சுரீரென்றது. அது அவர் மனைவியின் கைப்பை. அதன் அறுந்த வாருக்கு ஊக்கு குத்திக் கொடுத்தவரே அவர்தான். பதறிப்போய் மூலப்படத்தைத் திறந்தார். அதிலும் வெறும் மணல்.

அடுத்தது தாஜ்மகால். அவள் வாசலில் நின்றாள். ஈபிள் கோபுரத்தடியில் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ரப்பர் மவுஸைத் தொடவேயில்லை.

முதலாளி எட்டிப் பார்த்தார். "யோவ் ரப்பர், யாருய்யா இந்த அம்மா? போற இடமெல்லாம் வந்து நிக்கிறாங்க?"

"சுத்திப் பார்க்க வந்திருக்காங்க போல சார்."

"அதுக்கு நம்ம காலண்டர்தான் கிடைச்சுதா? தள்ளு, நானே துடைக்கிறேன்."

முதலாளி துடைத்தார். அவள் இரண்டடி தள்ளி நின்றாள். மறுபடி துடைத்தார். கோபுரத்தின் காலுக்குப் பின்னால் போய்விட்டாள். முதலாளிக்கு வியர்த்துக்கொட்டியது.

"பயங்கரப் பிடிவாதக்காரியா இருப்பாங்க போலிருக்கே!"

"நீங்க வேற சார். இன்னிக்குக் கொஞ்சம் பரவாயில்லை."

"நாலு மணிக்கு மிஷின்ல ஏத்தணும். நீயாச்சு, அந்த அம்மாவாச்சு" என்று முதலாளி நழுவினார்.

அடுத்த இரண்டு படங்களிலும் அவள் இருந்தாள். கடைசிப் படம் சீனப் பெருஞ்சுவர். படியில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபமில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஐந்து இடத்தை அவளாகவே பார்த்துவிட்டாள். முதலில் ஆசைப்பட்ட இடத்தை இவர் கையாலேயே துடைத்தாயிற்று. அவளை அங்கே கொண்டுசேர்க்காமல் இனி சோறு இறங்காது.

வெட்டி ஒட்டப் பார்த்தார். பிடித்து இழுத்தால் வருகிறவளா அவள்? கடைசியில், ஆளை எடுத்தே பழகியவர், முதல்முறையாக ஓர் ஆளை வைத்தார். தன் அடையாள அட்டைப் படத்தை ஸ்கேன் செய்து பிரமிடின் அடியில் ஒட்டினார். மார்பளவுப் படம்தான், மணலில் பாதி புதைந்தவர் மாதிரி இருந்தது.

"நான் முன்னாடியே வந்துட்டேன், பாரு. நீயும் வந்துடு" என்று திரையிடம் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

திரும்பி வந்தால் மற்ற ஐந்து படங்களிலும் ஆளில்லை. பிரமிடைத் திறந்தார். அவள் நின்றிருந்தாள், தலையைப் பின்னுக்குச் சாய்த்து, உச்சியைப் பார்த்தபடி. பக்கத்தில் அவரைக் காணோம். அவர் இருந்த இடத்தில் மணல் நிரவியிருந்த நேர்த்தி இருக்கிறதே, இருபத்தாறு வருஷத்தில் அவருக்கே அப்படி ஒரு தடவை கைகூடியதில்லை. சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்தார். நீலப் பின்னணி மட்டும் இருந்தது.

நாலு மணிக்கு முதலாளி வந்து திரையைக் குனிந்து பார்த்தார். "அட, இது ஒண்ணுலதான் இருக்காங்க. இருந்துட்டுப் போகட்டும். நல்லாத்தான் இருக்கு." படத்தை அச்சுக்கு அனுப்பினார்.

"ரொம்ப நன்றி சார்" என்றார் ரப்பர்.

முதலாளி நிமிர்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். "எங்கய்யா தொலைஞ்சான் இந்த ரப்பர்?"

"இங்கதான் சார் உட்கார்ந்திருக்கேன்."

ஆளில்லாத அறைக்குக் காற்று எதற்கு என்று, முதலாளி ஃபேனை நிறுத்திவிட்டுப் போனார்.