டம்மி பேசக் கூடாது

1

இந்தக் கதை எனக்குப் புதுக்கோட்டையில், ஒரு சீட்டு மேசையில் கிடைத்தது. வெளியூரிலிருந்து ஒரு பெரிய மனிதர் ஆட வந்தார். அவரைக் கிழித்துத் தோரணம் கட்டும் நல்லெண்ணத்தோடுதான் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி:

திருமயம் கோட்டை மீது மாலை வெயில் பொன்னாக...

(அடித்துவிட்டேன். அவர் கோட்டைக்குப் போகவே இல்லை.)

2

ரெங்கராஜ், ஓய்வு பெற்ற ஜெனரல் மேனேஜர். எந்த ஊருக்குப் போனாலும் கோயில் பார்க்க மாட்டார். பிரிட்ஜ் கிளப் எங்கே என்று விசாரிப்பார். திருக்கோகர்ணத்தில் மனைவி வனிதாவின் தங்கை மகளுக்குக் கல்யாணம். பந்தியில் இருபக்கமும் விசாரித்தார். எல்லாரும் ரம்மிக்கு வழி சொன்னார்கள். (ரம்மியை அவர் சீட்டாட்டமாகவே ஒப்புக்கொள்வதில்லை.) கடைசியில் மாப்பிள்ளையின் சித்தப்பா எங்கள் கிளப்பைச் சொன்னார். கிளப் என்றால், மருந்துக் கடைக்கு மேலே ஒரு ஹால்.

செயலாளர் செபமாலை, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். அவரிடம் ரெங்கராஜ் பெங்களூரு, புனே, கொழும்பு என்று தான் ஆடிய கிளப்புகளை ஒப்பித்துவிட்டு, இங்கே ஏலம் கேட்க என்ன சிஸ்டம் ஆடுகிறீர்கள் என்று கேட்டார்.

"ஃபேனுக்குக் கீழ ஆடுறோங்க. கரண்டு போனா வராண்டாவுக்குப் போயிருவோம்."

(இங்கேயே முடித்திருக்கலாம். பெரிய மனிதருக்குக் காற்று இறங்கிவிட்டது. ஆனால் செபமாலை கிளப் வழக்கத்தையும் சொல்லித் தொலைத்தார்: வெளியூர்க்காரர் ஜோடியோடுதான் வரவேண்டும். ஜோடியைத் திட்டினால், திட்டு வாங்கியவர் எழுந்து வேறு ஜோடி எடுத்துக்கொள்ளலாம்.)

3

பிரிட்ஜ் நான்கு பேர் ஆட்டம். எதிரெதிரே உட்காருபவர்கள் ஜோடி. ஏலம் எடுத்தவர் இருவருக்கும் சேர்த்து ஆடுவார். அவருடைய ஜோடி தன் சீட்டை மேசையில் விரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அவர்தான் டம்மி.

வனிதா வெகுகாலம் ரெங்கராஜின் ஜோடி. கோயம்புத்தூரில் ஒருநாள், கிளப்பே வேடிக்கை பார்க்க, மூளை இருக்கிறதா என்று கேட்டார் கணவர். அன்று சீட்டைக் கீழே வைத்த வனிதா அப்புறம் தொடவில்லை.

[இந்த இடத்தில் வனிதாவை அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். பொய்யாக இருந்தது. உண்மையில் அவர் தாம்பூலப் பையில் தேங்காய் போட்டுக்கொண்டே பேசியிருக்கிறார்.]

"வாரேன். ஒரே ஒரு ஆட்டம். வாயத் தொறந்தீங்கன்னா ஒங்க எதுக்க இனி உக்கார மாட்டேன். சாப்பாட்டு மேசையிலயுந்தான்."

4

மேசையில் வனிதா, அவருக்கு இடப்பக்கம் செபமாலை, எதிரே ரெங்கராஜ், வலப்பக்கம் நான். (கதைக்குள் வர எனக்கு விருப்பமில்லை. நாலாவது ஆள் கிடைக்கவில்லை.)

ஏலம் வனிதாவுக்குப் போனது. ரெங்கராஜ் டம்மி. செபமாலை ஆட்டினில் (ஹார்ட்ஸ்) ஒன்றை இறக்கினார். ரெங்கராஜ் விரித்த சீட்டில் ஆட்டின் ராஜா இருந்தது. அவர் கை தானாக அதன் மேல் போனது.

"சின்னதப் போடுங்க" என்றார் வனிதா.

கை அங்கேயே நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு சின்னதை எடுத்து வைத்தார். என்ன ஒரு... (வாக்கியம் முடியவில்லை, பாராட்டாகப் போய்விடும் போலிருந்தது.)

வனிதா செய்ததே சரி. ஆட்டினில் ஏஸும் ராணியும் என்னிடம். ராஜா இறங்கியிருந்தால் ஏஸால் விழுங்கியிருப்பேன்.

5

முடிவு ஒன்று: அவர் திட்டுகிறார், வனிதா எழுந்துகொள்கிறார். எனக்கு லாபமான முடிவு. எழுதிப் பார்த்தேன். அவருக்கு எதிரே அந்தக் காலி நாற்காலி கண்ணை உறுத்தியது.

முடிவு இரண்டு: கண் கலங்கி மன்னிப்புக் கேட்கிறார். ஜெனரல் மேனேஜர்கள் அப்படிச் செய்வதாகத் தகவல் இல்லை.

நடந்தது வரைக்கும் சொல்கிறேன். ரெங்கராஜின் உதடு பிரிந்துவிட்டது. வனிதா சீட்டைப் பார்க்கவில்லை. அந்த உதட்டைத்தான் பார்க்கிறார். அடுத்த சீட்டு நான் போட வேண்டும். ராணியைப் போட்டால் போதும், இந்தச் சுற்று எனக்கு, ராஜாவைப் போட்டிருந்தால் ஜெயித்திருக்குமே என்று அவர் வெடிப்பார், கதையும் எனக்கு. ஏஸைப் போட்டால் ஆட்டம் தெரிந்தவன் எவனும் சிரிப்பான். ஆனால் மனைவி செய்தது சரி என்று அவருக்கு விளங்கிவிடும், அந்த உதடு மூடிக்கொள்ளும்.

செபமாலை தொண்டையைச் செருமுகிறார். "சார், ஒங்க கைதான்."

நான் கொஞ்சம் எழுந்துகொள்கிறேன். நீங்கள் இப்படி உட்காருங்கள். இந்தாருங்கள், சீட்டு.