முப்பது வெள்ளையம்மாக்கள்

பகல் பன்னிரண்டு மணிக்குள் ஒரு ஆளையாவது கடைக்குள் வரவழைத்தால் வேலை எனக்கு. இல்லையென்றால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனவள் அப்படியே போய்விட வேண்டியதுதான். தோல் சாமான் கடை முதலாளி பிதென்சியோ காலையிலேயே இப்படிச் சொல்லிவிட்டார். அமெரிக்க எல்லையை ஒட்டிய எங்கள் ஊர் தீஹுவானாவின் ரெவோலுசியோன் வீதியில், எங்கள் பக்கத்தில், வாசலில் நின்று கூவும் வேலைக்கு அதுவரை ஒரு பெண்ணும் வந்ததில்லை.

எதிர்க்கடையில் கூவுகிற மக்லோவியோவுக்கு இருபது வருடப் பழக்கம். "உங்க வீட்டுக்காரருக்குப் பிடிக்காத சாமான் எல்லாம் எங்ககிட்ட இருக்கு மேடம்!" என்று ஆங்கிலத்தில் ஒரு சத்தம் போடுவார். எல்லை தாண்டி வந்த அமெரிக்கர்கள் சிரித்துக்கொண்டே உள்ளே போவார்கள். நான் கூவினால் நடைபாதையில் நிற்கும் கழுதை மட்டும் திரும்பிப் பார்த்தது. வரிக்குதிரைபோல் கோடு போட்டு, சுற்றுலா வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொள்வதற்காக நிறுத்தி வைத்திருக்கிற கழுதை.

"ஏய் பிரிசெய்தா, கழுதைக்கு பெல்ட் வேணுமாம், என்னன்னு கேளு!" என்றார் மக்லோவியோ.

"உங்க தம்பிக்கு இல்லாததா அண்ணே, சும்மாவே தர்றேன்!"

பதினொன்றே முக்காலுக்கு ஒரு அம்மாள் தனியாக நடந்து வந்தாள். சோளக்கதிர் நிறத்தில் தலைமுடி, வெயிலில் தக்காளியாய்ச் சிவந்த முகம். சந்தேகமே இல்லை, அமெரிக்கக்காரி.

"வெல்கம் மேடம்! குட் பிரைஸ்! வெரி குட் பிரைஸ்!"

அவள் நின்றாள். "யாருகிட்டடி இங்கிலீஷ் பேசுற?" என்றாள், எங்கள் ஸ்பானிஷ் மொழியில். "நான் பக்கத்து மாநிலம், சொனோராக்காரி. சொந்த நாட்டுலயே என்னை வெளிநாட்டுக்காரி ஆக்கிட்டியே!"

மக்லோவியோ தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு வாய் குழறியது. "மன்னிச்சிடுங்க, வெள்ளையம்மா."

பழக்க தோஷம். எங்கள் சந்தையில் பை தூக்கி வருகிற எல்லாப் பெண்களும் வெள்ளையம்மாதான். மாநிறம், கறுப்பு எதுவும் கணக்கில்லை. தக்காளி விற்பவனும் அப்படித்தான் கூப்பிடுவான், மீன்காரனும் அப்படித்தான். முதல்முறையாக அந்தச் சொல் நிஜமாகவே வெள்ளையாக இருந்த ஒருத்தியின் மேல் போய் விழுந்திருந்தது.

அவள் என்னை முறைத்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். "முதல்லயே அப்படிக் கூப்பிட்டிருந்தா அப்பவே உள்ள வந்திருப்பேனேடி! அங்க பாரு, எங்க பஸ். முப்பது டீச்சருங்க. எந்தக் கடைக்குப் போறதுன்னு அரை மணி நேரமா சண்டை. என்னைக் கூப்பிட்ட மாதிரியே கூப்பிடு. நல்லா சத்தமா!"

தெருமுனையில் பஸ்ஸைச் சுற்றிப் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். நான் இரண்டு கைகளையும் வாயருகே குவித்தேன்.

"வெள்ளையம்மாவ்!"

முப்பது தலைகளும் ஒன்றாகத் திரும்பின. கறுத்த முகங்கள், மாநிற முகங்கள், நரைத்த தலைகள், ஊதாச் சாயம் பூசிய ஒரு தலை.

"என்னையா கூப்பிடுது அந்தப் பொண்ணு?"

"உன்னை எதுக்குக் கூப்பிடுது? என்னைத்தான்!"

சண்டை போட்டுக்கொண்டே எல்லாரும் தெருவைக் கடந்தார்கள். கார்கள் ஹாரன் அடித்தன. மக்லோவியோவின் கடைக்குள்ளிருந்தும் இரண்டு பேர் எட்டிப் பார்த்து, எங்கள் பக்கம் நடந்தார்கள். பத்தே நிமிடத்தில் கடைக்குள் காலெடுத்து வைக்க இடமில்லை. முதலாளியின் நாற்காலியில் ஊதாத் தலைக்காரி உட்கார்ந்து செருப்பு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதலாளி, என் வேலை?" என்று வாசலிலிருந்தே கத்தினேன்.

தொங்குகிற பைகளுக்கு நடுவில் எங்கிருந்தோ பதில் வந்தது.

"உனக்குத்தான் பொண்ணே! வாயை மட்டும் மூடிட்டு நில்லு, புண்ணியமாப் போகும்!"