பொழுது சாய்ந்த பிறகு

எழுபத்தொன்றாம் வருஷம் சித்திரை மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியில் மனோதத்துவ டாக்டர் தணிகாசலத்தின் எதிரே சாந்திமதி மூன்றாவது வாரமாக உட்கார்ந்திருந்தாள். நாற்பது நாளாக அவளுக்குத் தண்ணீர் இறங்கவில்லை. கஞ்சியைக் கரண்டி கரண்டியாக விட்டால் பாதி உள்ளே போகும், பாதி முந்தானையில் வழியும். மெட்ராஸில் படம் எடுத்துப் பார்த்துவிட்டுத் தொண்டையில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒன்றுமில்லாததற்கா இப்படி எலும்பும் தோலுமாய்ப் போனாள்? இந்த வாரமும் இறங்காவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் விட வேண்டியதுதான் என்று தணிகாசலம் சொல்லியிருந்தார்.

போன இரண்டு வாரமும் டாக்டர் பேசியது அவளுக்குப் பிடிபடவில்லை. நமக்குத் தெரிந்த மனசு ஒன்று, நம்மைக் கேட்காமலே வேலை பார்க்கிற மனசு ஒன்று என்றார். ஒரு மனசோடு மல்லுக்கட்டவே நேரம் போதவில்லை, இதில் இரண்டா என்று நினைத்துக்கொண்டாள்.

இன்று டாக்டர், நாற்பது நாளைக்கு முன் அவளுடைய மாமியார் இறந்த நாளைப் பற்றிக் கேட்டார். அது ஊரே அறிந்த கதை. சமணக் குடும்பம், பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது. மாமியார் மனோன்மணி அதில் படு கெட்டி. சாகக் கிடந்தவள் விளக்கு வைத்த பிறகு தண்ணீர் கேட்டாள். மருமகள் கொடுக்கவில்லை. விடிவதற்குள் உயிர் போய்விட்டது. கடைசி மூச்சுவரை விரதத்தைக் காப்பாற்றிக் கொடுத்த மருமகள் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள்.

"அவங்ககிட்ட என்ன வார்த்தை சொன்னீங்கம்மா?"

"பொழுது சாஞ்சிடுச்சு அத்தே, விரதம் கெட்டுடும்னேன்."

"அந்த வார்த்தை யாரோடது?"

வெளியே தறியை நிறுத்திவிட்டு வந்த நெசவுக்காரர்கள் வரிசையில் இருமிக்கொண்டிருந்தார்கள்.

"அவங்களோடதுதான். மூத்தவனுக்கு முழுகாம இருந்தேன். தாகத்துல நாக்கு ஒட்டிக்கினு இருந்துச்சு. இதே வார்த்தைய சொல்லித்தான் என் கையில இருந்த சொம்ப புடுங்கி வச்சாங்க." பதினேழு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் அதை நினைத்ததில்லை. "அத நான் திருப்பிச் சொன்னப்ப... எனக்கு சந்தோஷமா இருந்துச்சு டாக்டர்."

சொல்லிவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சாவு வீட்டில்கூட வராத அழுகை அடிவயிற்றிலிருந்து வந்தது. ஒரு மடக்குத் தண்ணீர். பாவி, கொடுத்திருந்தால் என்ன? டாக்டர் அவள் அழுது முடிக்கும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார்.

வராந்தாவில் புருஷன் அனந்தநாதன் கூஜாவோடு காத்திருந்தான். வெயில் இன்னும் இறங்கவில்லை.

"ஏங்க, கொஞ்சம் தண்ணி குடுங்க."

அவளாகத் தண்ணீர் கேட்டு எத்தனை நாளாயிற்று! அவன் ஊற்றிக் கொடுத்தான். ஒரு மடக்கு சத்தத்தோடு உள்ளே இறங்கியது. அத்தனை பேர் பார்க்க அந்த ஆம்பிளை குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"எங்கம்மாதான் காப்பாத்திட்டாங்க சாந்தி. அவங்க விரதத்த நீ கெடாம காப்பாத்துனே இல்ல, அந்தப் புண்ணியம். இன்னும் ஒரு மடக்கு குடிமா."

இரண்டாவது மடக்கை அவள் வாயில் வாங்கினாள். விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. கன்னம் உப்பியபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.