சுக்கானைக் கொடுக்க மாட்டேன்

எங்கள் படகு வீட்டில் மீன் பெட்டிகளை நிறுக்கும் தராசு ஒன்று உண்டு. ஜூலை பிறந்ததும் ஹோக்னி என்னை அதன்மேல் ஏறச் சொன்னார். அவர் எங்கள் பெண்கள் படகின் பயிற்சியாளர். படகு விஷயத்தில் அவர் பேச்சுக்கு ஊரில் மறுபேச்சு கிடையாது. நான் ஏறினேன். ஆறாம் மாதம் முடியப்போகிற வயிறு எனக்கு முன்னால் ஏறி நின்றது.

"போன வருஷத்தைவிட எட்டு கிலோ கூட," என்றார், குனிந்து முள்ளைப் பார்த்து.

"மீன் நல்ல மீனுதான், விலை போகும்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "விளையாடாதே யோருன். துடுப்பு போடறவ எடை கூடினா படகுக்குப் பலம். சுக்கான் பிடிக்கறவ எடை கூடினா வெறும் சுமை. இந்த ஒரு கோடைக்கு ஐரிகா உக்காரட்டும். அவ ஒரு கோழிக்குஞ்சு கனம்கூட இருக்க மாட்டா."

"ஒரு கோடைக்கு மட்டுமா?"

"ஒரே ஒரு கோடைக்கு."

இந்த 'ஒரே கோடை' எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கு முன்னால் அந்த இடத்தில் உட்கார்ந்தவள் மர்யுன். அவள் பிள்ளை பெறப் போகிறாள், ஒரே கோடைதான் என்று சொல்லித்தான் என்னை உட்கார வைத்தார்கள். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. மர்யுன் பந்தய நாட்களில் கரையில் மேஜை போட்டு வாஃபிள் விற்கிறாள். நன்றாகத்தான் சுடுகிறாள். ஆனால் நான் வாஃபிள் சுடப் பிறந்தவள் இல்லை.

"எந்திரிக்க மாட்டேன்," என்றேன். "வேணும்னா தூக்கி வெளிய போடுங்க. எவ்வளவு கனம்னு நீங்களே பாத்துட்டீங்க."

மறுநாளே மருத்துவச்சி ஆஸ்லாவிடம் போய்க் கேட்டேன். ஹோக்னி சொல்லி நான் எழுந்திருக்க மாட்டேன். ஆஸ்லா சொன்னால் எழுந்துவிடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் வயிற்றைத் தடவி, இரத்த அழுத்தம் பார்த்து, நிதானமாகப் பேசினாள்.

"இந்த மாசத்துல நெஞ்சு எரியும். கால் வீங்கும். அடிக்கடி ஒண்ணுக்கு வரும். வயிறு அப்பப்ப கல்லு மாதிரி இறுகிட்டுத் தானா விட்டுடும். விடாம அடுத்தடுத்து வந்தா மட்டும் எனக்குப் போன் பண்ணு. குழந்தைக்கு இப்பக் காது கேக்கும், ஆளுங்களைத் திட்டும்போது பாத்துத் திட்டு."

"படகுல உக்காரலாமா?"

"உனக்கு எல்லாம் நல்லாயிருக்கு, தாராளமா உக்காரு. மிதவைச் சட்டையைப் போட்டுக்கோ. துடுப்பை மட்டும் தொடாதே."

அவள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இந்த மாதத்தில் வயிறு ஊர்ச் சொத்தாகிவிடும். கடையில் ரொட்டி வாங்கப் போனால் ரொட்டியைத் தொடுவதற்கு முன் என் வயிற்றைத் தொடுகிறார்கள். தொட்ட கையோடு புத்திமதி வேறு. "இன்னுமா படகுல உக்காறே? பேசாம வீட்டுல கால நீட்டிப் படுக்கலாமில்ல?" என் கணவன் பேரண்ட்ஸ் கடலில் மீன்பிடிக் கப்பலில் இருந்தான். அவனுக்குப் போன் பண்ணி யாராவது இதே கேள்வியைக் கேட்டார்களா? கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஹோக்னி விஷயத்தைத் துடுப்புக்காரிகள் ஆறு பேர் முன்னால் வைத்தார். அவர்கள் தலைவி தூரி. சால்மன் ஆலையில் வேலை பார்க்கிறவள். தோள்கள் கதவை அடைக்கும். படகில் என் முழங்காலில் முழங்கால் இடிக்க எதிரே உட்கார்பவள்.

"எட்டு கிலோவை இழுக்கப்போறது யாரு, நீங்களா?" என்று ஹோக்னியைக் கேட்டாள்.

"நீங்கதான்."

"அப்ப எங்க முதுகு, எங்க பேச்சு. போற பக்கத்துக்கு முதுகைக் காட்டிட்டு உக்காறோம் நாங்க. முன்னால என்ன இருக்குன்னு எங்களுக்கு என்ன தெரியும்? இவ மூஞ்சிதான் தெரியும். இவ கண்ணு சுருங்கினா காத்து வருது. உதட்டைக் கடிச்சா பக்கத்துப் படகு முந்துது. ஐரிகா நல்ல பொண்ணுதான். ஆனா அவ மூஞ்சியை நான் எப்பப் படிச்சு முடிக்கறது?"

ஹோக்னி தாடையைச் சொறிந்தார். "சரி. இந்த மாசக் கடைசியில ஓலவ்சோக்கா திருவிழாப் பந்தயத்துல முதல் மூணுக்குள்ள வாங்க. வரலைன்னா அந்த இடம் ஐரிகாவோடது. குழந்தை பொறந்த பிறகும் அவளோடதுதான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "சம்மதம்," என்றேன். வயிற்றுக்குள் ஓர் உதை விழுந்தது.

ஓலவ்சோக்காவுக்கு முந்தைய பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தோம். "ஒரு படகுல ரெண்டு பேரு சும்மா உக்காந்து வர்றாங்கடா," என்று கரையிலிருந்து ஒருவன் கத்தினான். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் முன்னைவிடக் கோபம் வந்தது.

ஓலவ்சோக்கா நாளன்று தலைநகர் தோர்ஷவன் துறைமுகத்தில் கால் வைக்க இடமில்லை. கிளம்பும்வரை நான் கழிப்பறை வரிசையிலேயே நின்றேன். மிதவைச் சட்டையின் கடைசி வாரைப் பூட்ட முடியவில்லை. தூரி கயிறு போட்டுக் கட்டிவிட்டாள். பின்முனையில் என் இருக்கை ஒரு தட்டகலம். காலை மடக்கி, இரு கையிலும் சுக்கான் கயிற்றைப் பிடித்து உட்கார்ந்தேன்.

பாதித் தூரத்தில் நாலாவதாக இருந்தோம். மூன்றாவது படகு கொஞ்சம் முன்னால், எட்டாத தூரத்தில். எங்கள் பெண்கள் இழுத்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் அவர்களிடம் இனி எடுக்க ஒன்றுமில்லை என்று தெரிந்தது.

அப்போது இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ராத்திரிகளில் வருவதுபோல இல்லை, உயிர் போகிற பிடிப்பு. காலை நீட்ட இடமில்லை. நீட்டினால் தூரியின் துடுப்பைத் தட்டிவிடும். என் முகம் கோணிக்கொண்டு போனது எனக்கே தெரிந்தது. வாயைத் திறந்து அலறினேன்.

தூரியின் கண்கள் விரிந்தன. "வந்துடுச்சாடீ?"

எனக்கு மூச்சு வரவில்லை. "இழுங்க," என்று மட்டும் வந்தது. "நிறுத்தாதீங்க, இழுங்க."

"யோருனுக்கு வலி எடுத்துடுச்சு," என்று தூரி கத்தினாள். "கரைக்கு, கரைக்கு."

பந்தயம் முடியும் கோடும் கரைப் பக்கம்தான். ஆறு துடுப்புகளும் ஒன்றாக விழுந்தன. படகு அப்படிப் பாய்ந்து நான் பார்த்ததில்லை. எனக்கு மூச்சு திரும்பியபோது மூன்றாவது படகு பக்கவாட்டில் இருந்தது. 'கால்தான்' என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. முன்னால் பார்த்தேன். இரண்டாவது படகு அவ்வளவு ஒன்றும் தூரத்தில் இல்லை. சொல்லை விழுங்கினேன். அடுத்த அலறலில் பாதிதான் கெண்டைக்காலுடையது.

இரண்டாவதாக வந்தோம்.

கோட்டைத் தாண்டியும் அவர்கள் நிறுத்தவில்லை, நேரே படித்துறைக்கு இழுத்தார்கள். கரையில் நின்ற ஐரிகா ஆம்புலன்ஸ் ஆட்களைக் கூப்பிட ஓடினாள். தூரி என் தோளைப் பிடித்து, "மூச்சை உள்ள இழுடீ, மெதுவா," என்றாள். அவள் உள்ளங்கை கொப்புளம் உடைந்து இரத்தமாக இருந்தது. கண்ணில் நீர்.

"தூரி. கெண்டைக்கால். கொஞ்சம் பிடிச்சுவிடு."

அவள் என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். "எப்பத் தெரியும் உனக்கு?"

"முதல்லேருந்தே."

"சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா நாலாவது."

அவள் என் கால் கட்டைவிரலைப் பிடித்து, நான் நிஜமாகவே அலறும்வரை மடக்கினாள். பின்னால் யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் அவளும் சிரித்தாள். எனக்கு வெட்கமாக இல்லை. பந்தயம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஹோக்னி படித்துறையில் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டார். "சொன்ன சொல் சொன்னதுதான். இடம் உன்னோடது," என்றார். சொல்ல அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. "ஆனா அடுத்த வருஷம் இவங்க எப்படி இப்படி இழுப்பாங்க? அப்ப உனக்கு வயிறு இருக்காதே."

"அடுத்த வருஷம் குழந்தையை உங்க கையில கொடுத்துட்டுத்தான் படகுல ஏறப்போறேன்," என்றேன். "பால்குடி. பசிச்சா ஊரைக் கூட்டும். நாங்க சீக்கிரம் வரணும்னு அப்ப நீங்களே வேண்டிக்குவீங்க."